பழைய சுவரும் புதுப் பூச்சும்: பாயிண்ட் அண்ட் கிளிக் ரீமேக்குகள் ஏமாற்றுவது எங்கே?

புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துப் பழகிய கொத்தனார்கள் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசத் தயங்குவார்கள். பூசிய முதல் வருஷம் சுவர் பளிச்சென்று இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் அவ்வளவு எளிதில் விடாது. மழை ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளேயே தங்கி, சில மழைக்காலம் போனதும் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். மேலே மட்டும்தானே கை வைத்தோம் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அந்த மேல்பூச்சும் சுவரின் வேலையில் பாதியைச் செய்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் பாயிண்ட் அண்ட் கிளிக் சாகச விளையாட்டுகளைப் புதுப்பிக்கும்போதும் இதே கதைதான். படத்தில் ஓர் இடத்தைக் கிளிக் செய்தால் ஆள் அங்கே நடப்பான், பொருளை எடுப்பான், அதை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்துப் புதிரை அவிழ்க்க வேண்டும். மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ வீட்டுக்கு முதல் பென்டியம் கணினி வந்த காலத்தில் இவற்றை ஆடியவர்களுக்கு இன்று நாற்பது வயது ஆகியிருக்கும். கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் தள்ளுபடியில் புதுப் பதிப்பைப் பார்த்ததும் ஆசையாக வாங்குகிறார்கள், ஒரு மணி நேரத்தில் மூடிவைக்கிறார்கள். "கிராபிக்ஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ இடிக்குது" என்பதுதான் பெரும்பாலும் வரும் விமர்சனம். அந்த 'என்னமோ' என்ன என்பதைத் துல்லியமாகவே சொல்ல முடியும்.

முதலில் பெயர்க் குழப்பம். ரீமாஸ்டர் என்றால் பழைய விளையாட்டின் நிரல் அடியில் ஓட, மேலே புதுப் படமும் புது ஒலியும் வைப்பது. ரீமேக் என்றால் அடித்தளத்திலிருந்து மறுபடி கட்டுவது. விற்கிறவர்கள் இரண்டையும் கலந்து 'ஸ்பெஷல் எடிஷன்', 'என்ஹான்ஸ்டு எடிஷன்', 'ஆண்டு விழாப் பதிப்பு' என்று எதையாவது போடுவார்கள். எது எந்த வகை என்று தெரிந்தால்தான் எங்கே பழுது வரும் என்று ஊகிக்கலாம்.

1990இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டின் திரை 320×200 புள்ளிகள் (பிக்சல்). அதில் கீழே 56 வரிகள் 'திற', 'தள்ளு' போன்று கிளிக் செய்து கட்டளையிடும் வினைச்சொற்களுக்கும் கையிலுள்ள பொருட்களுக்கும் போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது 320×144, அதாவது 46,080 புள்ளிகள். இன்றைய 1920×1080 திரையில் இருப்பது 20,73,600 புள்ளிகள். சரியாக 45 மடங்கு. இந்த 45 என்ற எண்ணில்தான் முதல் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

46,080 புள்ளிகளில் ஓர் அறையை வரையும் ஓவியருக்கு வீணடிக்க இடமில்லை. ஒரு கயிற்றுக்கோ குவளைக்கோ அவர் பத்துப் புள்ளி செலவழிக்கிறார் என்றால் பெரும்பாலும் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது. ஆடுபவரின் கண் அதைச் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. அதே அறையை 45 மடங்கு புள்ளிகளில் வரைந்தால் வெற்றிடத்தை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். சுவரில் வலை, மூலையில் பீப்பாய், மேசைமேல் பத்துப் பாட்டில். எல்லாமே அழகு. ஆனால் கிளிக் செய்தால் பதில் சொல்வது அதே பழைய ஐந்தாறு பொருட்கள்தான். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஒருவரை நிறுத்தி, இங்கே எடுக்க வேண்டிய ஒரே கயிறு எது என்று கேட்பது மாதிரி.

இதைச் சரிசெய்ய, ஒரு விசையை அழுத்தினால் கிளிக் செய்யக்கூடிய இடங்கள் எல்லாம் மின்னும்படி பல புதுப் பதிப்புகள் செய்தன. தேடல் சுலபமானது, கூடவே தேடல் என்ற விஷயமே காணாமல் போனது. விசையை அழுத்து, மின்னுவதை எல்லாம் எடு, எல்லாவற்றோடும் எல்லாவற்றையும் உரசிப் பார். இந்த நிலைக்கு வந்துவிட்டால் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை மாற்றினால் அதை ஈடுகட்ட இன்னொன்றை மாற்ற வேண்டியிருக்கிறது, அது மூன்றாவதைக் கெடுக்கிறது. இந்த வகை விளையாட்டில் படமும் கையும் புதிரும் தனித்தனியாக இல்லை.

கையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏமாற்றத்தின் பெரும்பகுதி அங்கேதான். மங்கி ஐலண்டின் முதல் பதிப்புகளில் 12 வினைச்சொற்கள் இருந்தன: திற, மூடு, தள்ளு, இழு, கொடு, பேசு என்று. பின்னர் வந்த சி.டி. பதிப்பில் 9 ஆயின. எல்லாம் எப்போதும் திரையின் அடியில் இருக்கும். பக்கத்திலேயே கையிலுள்ள பொருட்கள். 2009 ஜூலையில் வந்த ஸ்பெஷல் எடிஷன், படத்துக்கு முழுத்திரையையும் கொடுக்க ஆசைப்பட்டு இந்த அடித்தட்டைத் தனிப் பட்டியலாக்கி ஒளித்துவைத்தது. பொருட்களுக்கு ஒரு சாளரம், வினைகளுக்கு ஒன்று. வேண்டும்போது திறக்க வேண்டும்.

இதன் விலை எந்த இடத்தில் தெரியும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். சிறையிலிருக்கும் ஒருவரை விடுவிக்கப் பூட்டின்மேல் 'க்ராக்' என்ற மதுவை ஊற்ற வேண்டும். அது உலோகத்தையே அரிக்கும். எடுத்துப்போகும் குவளையையும் அரிக்கும். ஆகவே நடக்க நடக்க ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். பழைய திரையில் குவளைகள் கண்முன்னே வரிசையாக இருக்கும். வினை, குவளை, குவளை என்று மூன்று கிளிக்கில் வேலை முடிந்துவிடும். கொதிக்கும் டீயை ஆற்றுகிற வேகத்தில் விரல் ஓடும், பதற்றமும் சிரிப்பும் சேர்ந்து வரும். புதுத் திரையில் நடப்பதை நிறுத்தி, சாளரத்தைத் திறந்து, வினையைத் தேடிப் பிடிக்க வேண்டும். புதிர் அப்படியே இருக்கிறது, தாளம் போய்விட்டது. நல்ல வேளையாக எஃப்10 விசையை அழுத்தினால் பழைய தோற்றம் உடனே வரும். அந்த ஒரு புதிருக்காக மட்டும் பழசுக்குத் தாவி, முடித்ததும் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த முதல் பாகத்தில் பழைய தோற்றத்துக்குத் தாவினால் குரல்கள் நின்றுவிடும். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தின் புதுப் பதிப்பில் வினைகளை எடுக்கும் முறை எளிதானது, பழைய தோற்றத்திலும் குரல் கேட்டது.

முதல் பாகத்தின் 2009 பதிப்பில் இன்னொரு உறுத்தல், பாத்திரங்களின் நடை. அடியில் ஓடுவது பழைய நிரல். ஓர் அடிக்கு எத்தனை படம், எந்தப் புள்ளியில் கால் விழும் என்பதெல்லாம் 320×200 கட்டத்துக்குக் கணக்கிட்டது. சின்ன உருவத்தில் ஓர் அடிக்கு நாலைந்து படம் மாறினால் மீதியைக் கண் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். வழவழப்பாக வரைந்த பெரிய உருவத்தில் அதே நாலைந்து படம் என்றால் கால் தரையில் வழுக்குகிறது, ஆள் பொம்மலாட்டப் பொம்மைபோல வெட்டி வெட்டி நகர்கிறான். ஓவியர்மேல் பழி போட முடியாது. அவர் கையில் கொடுத்த கட்டமே அவ்வளவுதான். (கதாநாயகனின் புதுத் தலைமுடிக்கு மட்டும் இந்தச் சமாதானம் பொருந்தாது.)

புள்ளியின் வடிவமும் ஒரு காரணம், அதைப் பலர் கவனிப்பதில்லை. 320×200 என்பது 16:10 விகிதம். ஆனால் அன்றைய குழாய்த் திரைகள் 4:3. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரமாக, 5:6 விகிதத்தில் நீண்டு தெரிந்தது. ஓவியர்கள் அந்தத் திரையைப் பார்த்துத்தான் முகம் வரைந்தார்கள். சதுரப் புள்ளியாக அப்படியே காட்டினால் எல்லா முகமும் சப்பையாகி, நிலா முட்டையாகத் தெரியும். சரியாகப் பெரிதாக்க அகலத்தில் 5 மடங்கு, உயரத்தில் 6 மடங்கு வேண்டும்: 1600×1200. இன்று பெரும்பாலான திரைகளில் அந்த உயரம் கிடையாது. அடுத்த சிக்கல் அகலம். 16:9 திரையை நிரப்ப 4:3 படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரைய வேண்டும், இல்லையேல் மேலும் கீழும் மொத்தம் கால் பங்கை வெட்ட வேண்டும். கூடுதலாக வரைந்தால் காட்சியின் ஓரத்தில் ஒளித்துவைத்த பொருள் நடுவுக்கு வந்துவிடும். வெட்டினால் தலை போகும்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கைப் பாடம் 'பிளேட் ரன்னர்'. 1997இல் நான்கு சி.டி.யில் வந்த துப்பறியும் விளையாட்டு அது. மழை, புகை, நியான் விளக்கு என்று அதன் பின்னணிகள் எல்லாம் ஓடும் வீடியோக்கள். அதன் மூல நிரல் தொலைந்துவிட்டது. புதுச்சேரி கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் (பழைய நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த பிறகு அதைப் பழைய தோற்றத்திலேயே எழுப்ப முடிந்ததென்றால், பார்த்து அளந்து ஒப்பிட ஆதாரங்கள் இருந்ததுதான் காரணம். நிரல் இல்லாத விளையாட்டில் வெளியே தெரிவதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். ஸ்கம்வி.எம். என்ற இலவச மென்பொருளின் தன்னார்வலர்கள் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்து, 2019இல் பழைய விளையாட்டை இன்றைய கணினிகளில் ஓடவைத்தார்கள்.

2022 ஜூனில் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன் ஒரு படி மேலே போக முயன்றது. நொடிக்கு 15 படமாக இருந்த வீடியோவை 60 ஆக்கினார்கள். கணக்குப் போட்டால், உண்மையான இரண்டு படங்களுக்கு நடுவே மூன்று படங்களைக் கணினியே கற்பனை செய்து நுழைக்க வேண்டும். ஒரு பந்து நேர்கோட்டில் போனால் அந்தக் கற்பனை பலிக்கும். மழைத்தாரையும் புகையும் மினுக்கும் ஒளியும் நேர்கோட்டில் போவதில்லை. இந்த முறை அவற்றை இழுத்துக் குழைத்துவிட, காட்சிகள் மங்கலாயின. துப்பறியும் விளையாட்டில் படம் மங்கினால் துப்பும் சேர்ந்து மங்குகிறது. போதாக்குறைக்கு, புதியது வந்ததும் விளையாட்டு விற்கும் ஜி.ஓ.ஜி. தளத்தில் பழையதைத் தனியாக வாங்கும் வழி அடைபட்டது. ஆடுபவர்கள் கூச்சல் போட்ட பிறகே திரும்ப வந்தது. ஏமாற்றம் கோபமாக மாறியது அந்தக் கட்டத்தில்தான். புதியது சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், பழையதைப் பூட்டிவைத்தால் மாட்டார்கள்.

ஒலிக்கு வருவோம். டப்பிங் குரல் மாறினால் படமே வேறாகிவிடும் என்பதைத் தமிழ் ரசிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1993இன் 'கேப்ரியல் நைட்' சி.டி. பதிப்பில் டிம் கர்ரி, மார்க் ஹாமில் போன்ற நடிகர்கள் பேசினார்கள். 2014இல் வந்த 20ஆம் ஆண்டுப் பதிப்பை எழுதியவர் அதே ஜேன் ஜென்சன். ஆனாலும் குரல்கள் எல்லாம் புதியவை. தீட்டிய பின்னணி ஓவியங்கள்மேல் முப்பரிமாண உருவங்கள் விறைப்பாக நடமாடின. கதை ஒன்றுதான், ஆள்தான் வேறு. இசையில் நடக்கும் இழப்பு இன்னும் நுட்பமானது. மங்கி ஐலண்ட் இரண்டாம் பாகத்தில் ஐமியூஸ் என்ற ஏற்பாடு இருந்தது. ஊருக்குள் ஒவ்வொரு கடைக்குள் நுழையும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெட்டு அந்த இடத்துக்கான மெட்டாகத் தாளம் தப்பாமல் மாறும். மிடி இசை என்பது கணினிக்கு எழுதிக் கொடுத்த ஸ்வரக் குறிப்பு. நினைத்த இடத்தில் வளைக்கலாம். ஸ்டுடியோவில் பதிவுசெய்த இசையை அப்படி வளைப்பது கடினம், ஒன்று மங்கி இன்னொன்று எழும்படி ஒட்டத்தான் வரும். கச்சேரியில் ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதற்கும் ரேடியோவில் அடுத்த பாட்டுப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

மங்கி ஐலண்ட் முதல் பாகத்தின் வாள் சண்டையும் குரலால் வேகம் இழந்தது. அங்கே வாளைவிட வாய்தான் முக்கியம். எதிரி ஒரு வசவு சொல்ல, அதற்குப் பொருந்தும் பதிலை நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம்மூர் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி மாதிரி. பதில்களைச் சேகரிக்கத் திரும்பத் திரும்பச் சண்டை போட்டாக வேண்டும். எழுத்தாக இருந்தபோது ஒரு பார்வையில் கடந்துபோன வரியை இப்போது நடிகர் நிதானமாகப் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறோம். முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் வரி தாண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாப் பழசும் பொன் என்று சொல்லவில்லை. 1996இன் 'ப்ரோக்கன் ஸ்வோர்டு' விளையாட்டில் அயர்லாந்துக் கோட்டை இடிபாட்டில் ஓர் ஆடு வரும். அந்தப் புதிரில் மாட்டி விளையாட்டையே கைவிட்டவர்கள் ஏராளம். ஆடு முட்டித் தள்ளிய பிறகு, அது பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் சட்டென்று வேறோர் இடத்தைக் கிளிக் செய்ய வேண்டும். அதுவரை ஆற அமர யோசிக்கச் சொல்லிக் கொடுத்த விளையாட்டு, முன்னறிவிப்பில்லாமல் அவசரத்தைக் கேட்டது. பின்னர் வந்த டைரக்டர்ஸ் கட் என்ற புதுப் பதிப்பு அதை எளிதாக்கியது, நல்ல திருத்தம். ஆனால் அதே பதிப்பு கதாநாயகன் சாகும் வாய்ப்பையும் நீக்கியது. பாரிஸ் உணவகத்தில் குண்டு வெடிக்கும் அந்தப் பேர்போன தொடக்கத்துக்கு முன்னால் புதிதாக ஒரு முன்கதையையும் ஒட்டியது. அந்த வெடிப்பு எங்கிருந்தோ வந்து தாக்கியதில்தான் அதன் பலமே இருந்தது.

எந்தப் பதிப்பாலும் தீராத புதிரும் ஒன்றுண்டு. மங்கி ஐலண்ட் 2இல் ஒரு குழாயைத் திருப்பிவிடக் குரங்கைக் கருவியாகப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் திருகுகருவி ஒன்றுக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர், அந்தச் சிலேடைதான் விடை. கடலூர் சிப்காட் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஸ்பேனர் என்பார்கள், இல்லாவிட்டால் பைப் ரெஞ்சு என்பார்கள். குரங்கு எங்கே வந்தது? பிரிட்டிஷ்காரர்களுக்கே புரியாத சிலேடை அது. இங்கே வெட்கப்படாமல் குறிப்பைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

நன்றாகச் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? 2016இன் 'டே ஆஃப் தி டென்டகிள்' ரீமாஸ்டரில் படம், ஒலி, வினைப்பலகை மூன்றையும் தனித்தனியாகப் பழசுக்கோ புதுசுக்கோ மாற்றலாம். புதுப் படத்தோடு பழைய வினைப்பலகையை வைத்துக்கொள்ள முடியும் என்பதே பாதிக் குறையைத் தீர்க்கிறது. 2015இன் 'கிரிம் ஃபண்டாங்கோ' பின்னணிகளைத் தொடவில்லை. பாத்திரங்களின் மேற்பரப்பைத் தெளிவாக்கி, இசையை இசைக்குழுவோடு மறுபடி பதிவுசெய்து, விசைப்பலகையோடு மல்லுக்கட்டிய நடைக்கு மாற்றாக மவுஸ் கிளிக்கைச் சேர்த்தது. ஆனால் தானாகச் சேமிக்கும் வசதியை விட்டுவிட்டார்கள். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்பில், புயல் மழை நாளில் கரண்ட் போனால் அதன் அருமை தெரியும். 2024இன் 'ரிவன்' ரீமேக் எதிர்த்திசையில் போனது. அசையாப் படங்களாக இருந்த தீவுகளைச் சுற்றி நடக்கும்படி மறுபடி கட்டி, புதிர்களையும் அதற்கேற்ப மாற்றியமைத்தது. தொட்டால் முழுதாகத் தொட்டாக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பழைய பதிப்பும் சேர்ந்து வருகிறதா? ஒரே விசையில் தாவ முடிகிறதா? குரல், படம், வினைகளைத் தனித்தனியாக மாற்ற முடியுமா? வாங்கிய பிறகு ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். தலைப்புத் திரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்தக் கணக்கு ஓடும். ஜி.ஓ.ஜி. தளத்தில் 30 நாள் அவகாசம். இணையம் இல்லாமல் நிறுவும் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று காட்சிகளை மட்டும் சோதியுங்கள்: ஆள் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பது, இரண்டு பொருட்களைச் சேர்ப்பதற்கு ஆகும் கிளிக்குகள், ஒரு நீண்ட உரையாடலை வரிவரியாகத் தாண்ட முடிகிறதா என்பது. இந்த மூன்றும் உறுத்தினால் பத்தாவது மணி நேரத்திலும் உறுத்தும்.

பழசையே ஆடலாம் என்று முடிவெடுத்தால் ஸ்கம்வி.எம். போதும். பழைய சி.டி.யில் உள்ள கோப்புகளை ஒரு கோப்புறையில் நகலெடுங்கள். மென்பொருளில் 'ஆட் கேம்' அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால், எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு என்று அதுவே கண்டுபிடிக்கும். பிறகு கிராபிக்ஸ் அமைப்பில் விகிதத் திருத்தத்தைப் போடுங்கள், அப்போதுதான் அந்த 5:6 புள்ளி திரும்பக் கிடைக்கும். படத்தை மென்மையாக்கும் ஃபில்டரை அணைத்து விடுங்கள்.

கடலூர் மாவட்ட வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகளில் பலவற்றின் திரை 1366×768. அதில் 4:3 படம் 1024×768ஆக விரியும். அகலத்தில் 3.2 மடங்கு, உயரத்தில் 3.84 மடங்கு. புள்ளியை உடைக்க முடியாததால் ஐந்து நெடுவரிசைக்கு ஒன்று மட்டும் தடித்துப் போகும். காட்சி பக்கவாட்டில் நகரும்போது எழுத்தும் முகமும் நெளிவதற்கு இதுதான் காரணம். நெளிவு பிடிக்கவில்லை என்றால் விகிதத் திருத்தத்தை எடுத்துவிட்டு, முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் 'பிக்சல் பெர்ஃபெக்ட்' முறைக்கு மாறலாம். படம் 960×600ஆகச் சுருங்கும், முகம் கொஞ்சம் சப்பையாகும், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவில் நிற்கும். இரண்டில் எது தேவலை என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

கையில் சி.டி. எதுவும் இல்லாதவர்கள் 1994இன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யில் தொடங்கலாம். ஸ்கம்வி.எம். தளத்திலேயே சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஆடும்போது கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தினால் சேமிக்கும் பட்டியல் வரும். இந்த விளையாட்டில் ஆள் சாகக்கூடிய இடங்கள் உண்டு, ஆகவே புது அறைக்குள் நுழையும் முன் ஒவ்வொரு முறையும் தனிப் பெயரில் சேமித்துவையுங்கள். ஒரே இடத்தில் மேலே மேலே எழுதிக்கொண்டே போனால், தப்பான வேளையில் சேமித்தது மட்டுமே கையில் மிஞ்சும்.